மேலே யாராவது பார்த்தீர்களா?

புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை, காலை பத்து மணி. புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில், நூறு வயதைத் தாண்டிய ஒரு வீட்டின் கூடத்தில் மூன்று பேர் அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார்கள். ஒருவர் வீட்டுக்காரம்மாள். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், 68 வயது, தெருவுக்கே ‘டீச்சரம்மா’. இன்னொருவர் பழைய கட்டடங்களைச் சோதித்து அறிக்கை எழுதித் தரும் சிவில் என்ஜினீயர். மூன்றாமவர் அவர் கூட்டி வந்த கொத்தனார். எழுபதை நெருங்குகிறவர். என்ஜினீயர் அவரை ‘மேஸ்திரி’ என்றுதான் கூப்பிடுகிறார், ஆனால் அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசுவதில்லை.

நான்காவதாக ஒருவரும் இருக்கிறார், ஊஞ்சல் பலகையில் சாய்த்து வைத்த செல்போனுக்குள். டீச்சரம்மாவின் தம்பி. பாரிஸுக்கு வெளியே ஒரு புறநகரில் குடும்பத்தோடு இருக்கிறார். அங்கே இன்னும் விடியவில்லை.

“மொட்டை மாடிக்குக் கடைசியா யாரும்மா ஏறினது?” என்கிறார் மேஸ்திரி.

டீச்சரம்மா யோசிக்கிறார். தண்ணீர்த் தொட்டி கழுவ வந்த பையன். கோடையில் வடாம் காய வைத்த பக்கத்து வீட்டு மருமகள். கேபிள்காரர்.

“அதெல்லாம் ஏறினவங்க. பார்த்தவங்க யாரு?”

அதற்குப் பதில் இல்லை.

இந்தக் கேள்வி இவ்வளவு நாள் கேட்கப்படாமல் போனதில் வியப்பில்லை. கூரை ஒழுகினால் ஆளைக் கூப்பிடுகிறோம். ஒழுகாத கூரையைப் பார்க்க யாரும் காசு கொடுப்பதில்லை. டீச்சரம்மாவும் தானாக யோசித்து என்ஜினீயரை அழைத்துவிடவில்லை. வீடு மூன்று பேருக்குப் பொது. பாரிஸ் தம்பிக்கும் சென்னையில் இருக்கும் அண்ணனுக்கும் விற்றுவிடலாம் என்று எண்ணம். டீச்சரம்மா கணவர் இறந்த பிறகும் அங்கேயே தனியாக இருக்கிறார். மனையை வாங்க வந்த புரமோட்டரின் ஆள் ஒருவர் கூடத்தில் ஐந்து நிமிஷம் நின்றார், மேலே பார்த்தார், நடு உத்திரத்தில் நீளவாக்கில் ஓடிய ஒரு வெடிப்பைக் காட்டினார். “எப்ப வேணா விழலாம்மா, இதுக்குக் கீழே படுக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வெடிப்பின் படம் அன்று இரவே பாரிஸுக்குப் போயிற்று.

டீச்சரம்மா அதை நம்பவில்லை. நம்பாமலும் இருக்க முடியவில்லை. பின்கட்டு அறையில் கட்டில் விரிப்பின் மேல் காலையில் மாவு போல ஏதோ உதிர்ந்து கிடக்கிறது. 2024 டிசம்பரிலிருந்து அப்படித்தான். விடுமுறைக்கு வந்தால் பேத்தி படுப்பது அந்த அறையில்தான்.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோது, 24 மணி நேரத்தில் ஊரில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஓராண்டில் பெய்ய வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில். தெருவில் தேங்கிய தண்ணீரை எல்லோரும் பார்த்தார்கள், தொலைக்காட்சியிலும் காட்டினார்கள். மொட்டை மாடிகளில் தேங்கியதை யாரும் பார்க்கவில்லை.

மழையில் ஊறிய பழைய கட்டடம் என்ன செய்யும் என்பதற்குப் புதுச்சேரிக்காரர்களுக்கு வெளியே உதாரணம் தேட வேண்டியதில்லை. கடற்கரைச் சாலையில் 1870-71இல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய மேரி கட்டடம், அதாவது பழைய நகர்மன்றம், 2014 நவம்பர் 29ஆம் தேதி மழைக்காலத்தில் சரிந்து விழுந்தது. பழுதுபார்க்க வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே இருந்தது. பேச்சு முடிவதற்குள் கட்டடம் முடிந்துவிட்டது. உலக வங்கி நிதியில் பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டி 2021இல் திறந்தார்கள். வெளியூர்க்காரர்கள் இன்று அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பலருக்கு அது புதுக் கட்டடம் என்று தெரியாது. உள்ளே தேக்கு உத்திரம் இருந்த இடத்தில் கான்கிரீட் இருக்கிறது என்பதும் தெரியாது.

டீச்சரம்மாவின் வீட்டுக் கூரை ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று பெயர் பெற்ற வகை. புதுச்சேரியின் பழைய மெத்தை வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான். சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம். அதன் மேல் ஒரு அடி, ஒன்றரை அடி இடைவெளியில் சிறிய தேக்குச் சட்டங்கள். சட்டங்களின் மேல் உள்ளங்கையளவு மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் தோய்த்து, படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டாக அடுக்கிக்கொண்டே போவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரப்பலகையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அடிக்கும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பது வழக்கம். கடைசியாகத் தட்டோடு பதித்து, தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்து முடிப்பார்கள். இரும்புக் கம்பி ஒன்றுகூட இல்லாத கூரை. கடற்காற்றில் நூறு வருஷம் நிற்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. மங்களூர் ஓடு வேய்ந்த வீடாக இருந்தால் குறையைக் கூரையே காட்டிவிடும். மங்களூரில் 1865இல் பாசல் மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு, மேற்குக் கரை முழுக்கக் கோழிக்கோடு, கொச்சி என்று அந்தச் சிவப்பு ஓடு பரவியது. அங்கே ஓடு உடைந்தால் பகலில் வெளிச்சம் தெரியும், மழையில் சொட்டும், ஒரு பையனை ஏற்றி ஓட்டை மாற்றிவிடலாம். மெட்ராஸ் டெரஸ் அப்படியல்ல. மேலே ஓடு, நடுவில் ஒரு சாண் ஜல்லி, கீழே செங்கல், அதற்கும் கீழே பெயின்ட் அடித்த மரம். இன்று புகுந்த தண்ணீர் எங்கே போயிற்று என்று சில வருஷம் கழித்துத்தான் தெரியும். தெரியும்போது அது சொட்டாகத் தெரிவதில்லை.

என்ஜினீயர் முதலில் கூடத்தையே எடுத்துக்கொள்கிறார். புரமோட்டரின் ஆள் காட்டிய வெடிப்பு அங்கேதான் இருக்கிறது. மடக்கு ஏணியில் ஏறி, டார்ச் அடித்து, மெல்லிய தகட்டை வெடிப்புக்குள் விட்டு ஆழம் பார்க்கிறார். மேஸ்திரி சிறிய சுத்தியலால் உத்திரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தட்டிக்கொண்டே வருகிறார். கணீர், கணீர் என்று ஒரே குரல். இரண்டு ஊசி உள்ள ஈரமானியை மரத்தில் குத்தினால் 14 சதவீதம். சுவருக்குச் சுவர் நூல் கட்டிப் பார்த்தால் நடுவில் அரை அங்குலத் தொய்வு.

“இது மரம் காயும்போது விட்ட வெடிப்பு. உங்க தாத்தா காலத்துலேயே இருந்திருக்கும்” என்கிறார் என்ஜினீயர். நார் ஓடும் திசையிலேயே போகிற வெடிப்பால் உத்திரத்துக்குப் பெரிய கெடுதல் இல்லை. குறுக்கே நாரை அறுத்துக்கொண்டு வந்தால்தான் பயப்பட வேண்டும். தொய்வும் அப்படியே. நூறு வருஷம் பாரம் சுமந்த மரம் கொஞ்சம் தொய்யத்தான் செய்யும். அது கூடிக்கொண்டே போகிறதா என்பதுதான் கேள்வி.

டீச்சரம்மாவின் முகம் தெளிகிறது. போனைத் தூக்கி வெடிப்புக்கு நேராகக் காட்டி, “கேட்டியாடா?” என்கிறார்.

“முழுசும் பார்க்கட்டும் அக்கா” என்கிறது போன்.

மொட்டை மாடியில் மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறார். வெறுங்காலில் ஓட்டின் ஆட்டம் தெரியும் என்கிறார். என்ஜினீயரின் வேலை குழாய் ரசமட்டம் பிடிப்பது. முன்கட்டில் பழைய தட்டோடு அப்படியே இருக்கிறது. நான்கைந்து இடங்களில் சந்துக் காரை போயிருக்கிறது. மழைத் தண்ணீர் இறங்கும் மூன்று தூம்புகளில் ஒன்றில் வேப்பஞ்சருகு, ஒரு டென்னிஸ் பந்து, பிளாஸ்டிக் பை. கைப்பிடிச் சுவர் மூலையில் ஓர் அரசங்கன்று, நான்கு இலை விட்டிருக்கிறது. டீச்சரம்மா அதைப் பார்த்திருக்கிறார். அரசமரம் என்பதால் பிடுங்க மனம் வரவில்லை. “நாலு இலைக்குக் கீழே நாலு அடி வேர் இருக்கும்மா” என்கிறார் மேஸ்திரி. பிடுங்கினால் சுவரும் சேர்ந்து வரும் என்பதால் அவரும் அதைத் தொடவில்லை. வெட்டி, வேரைக் கொல்ல மருந்து வைத்து, பட்டபின் எடுக்க வேண்டும்.

பின்கட்டு மாடி வேறு மாதிரி. அங்கே தட்டோடு கண்ணில் படவில்லை. வழவழவென்று சிமென்ட் தளம், அதன் மேல் வெயில் தாங்குவதற்கென்று அடித்த வெள்ளைப் பூச்சு. ஒரு மூலையில், செங்கல் மேடை மேல், ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. பார்க்கப் போனால் வீட்டிலேயே நன்றாகப் பராமரித்த இடம் அதுதான்.

“இது எப்போ போட்டது?”

தானே புயல் வந்துபோன அடுத்த வருஷம், 2012இல். 2011 டிசம்பர் 30ஆம் தேதி அந்தப் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறி இரண்டு ஊர்களையும் உலுக்கிப் போட்டது. பின்கட்டில் ஒரு சொட்டு ஒழுகியது. டீச்சரம்மாவின் கணவர் ஒரு காண்டிராக்டரைப் பிடித்து, பழைய ஓட்டின் மேலேயே இரண்டு அங்குல கான்கிரீட் போடச் சொன்னார். தளம் இறுக வேண்டும் என்று ஒரு வாரம் வெயிலில் நின்று அவரே ஹோஸ் குழாயால் தண்ணீர் பிடித்தார். ஒழுகல் நின்றது. அதற்குப் பிறகு அவருக்கு அந்த மாடியைப் பற்றிக் கவலை இருக்கவில்லை.

என்ஜினீயர் காகிதத்தில் கணக்குப் போடுகிறார். பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி அறை. இரண்டு அங்குல கான்கிரீட். சுமார் இரண்டு டன். தொட்டி நிறைந்தால் இன்னொரு டன். இந்த மூன்று டன்னும் அந்த உத்திரங்களை வைத்தவரின் கணக்கில் கிடையாது.

எடைகூட இரண்டாவது பிரச்சினைதான். சுண்ணாம்புக் கூரை மழையில் கொஞ்சம் ஈரம் குடிக்கும். தை, மாசி வெயிலில் அதை வெளியே விட்டுவிடும். சிமென்ட் அப்படி மூச்சு விடாது. கீழே இருக்கும் மரமும் சுண்ணாம்பும் வெயிலுக்கு நீண்டு பனிக்குச் சுருங்கும். மேலே இருக்கும் சிமென்ட் தளம் அந்த அசைவுக்கு வளைந்து கொடுக்காமல் மயிரிழையாக வெடிக்கும். வெடிப்பு வழியே தண்ணீர் இறங்கும். இறங்கிய தண்ணீருக்கு மேலே திரும்பிப் போக வழி இல்லை. மிச்சம் இருக்கும் ஒரே வழி கீழே, மரத்துக்கு. அதிலும் உத்திரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்துக்கு. காற்றுப் படாத இடம் அது. சுற்றிலும் ஈரச் செங்கல். உப்புக் காற்றுக்கு ஆட்பட்ட சுவர் எளிதில் காய்வதுமில்லை. மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை பிடிக்கும். தேக்கைக் கரையான் தின்னாது என்ற நம்பிக்கை பாதி உண்மை. ஈரத்தில் ஊறி இளகிய தேக்கு வேறு விஷயம்.

ஒழுகல் நிற்கவில்லை, இடம் மாறிக்கொண்டது. பதின்மூன்று வருஷம் யாருக்கும் தெரியாத இடத்துக்கு.

கீழே பின்கட்டு அறையில் பேத்தியின் கட்டிலைத் தள்ளிவிட்டு ஏணியை வைக்கிறார்கள். உத்திரம் பார்க்க ஒரு குறையும் இல்லை. பொங்கலுக்குப் பொங்கல் பெயின்ட் அடித்து வழுவழு என்று இருக்கிறது. மேஸ்திரி தட்டிக்கொண்டே வருகிறார். கணீர், கணீர், கணீர். சுவரை நெருங்க ஒன்றரை அடி இருக்கும்போது சத்தம் மாறுகிறது. பொத். இன்னொரு தடவை தட்டுகிறார். பொத். அறையில் யாரும் பேசவில்லை. என்ஜினீயர் தமரூசி போன்ற ஒரு கூரிய கம்பியை அந்த இடத்தில் வைத்து அழுத்துகிறார். பெயின்டைத் துளைத்தவுடன் ஈர ரொட்டிக்குள் போவதுபோல இரண்டு அங்குலம் உள்ளே போகிறது. ஈரமானியில் 28. அவர் கம்பியை வெளியே எடுத்தபோது அதோடு வந்த தூளும் டீச்சரம்மா தினமும் விரிப்பிலிருந்து தட்டிவிட்ட தூளும் ஒன்றுதான்.

அடுத்த உத்திரத்திலும் அதே முனையில், கொஞ்சம் குறைவாக. மூன்றாவது நன்றாக இருக்கிறது.

பின்னால் சமையலறையையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். அது 1986இல் சேர்த்துக் கட்டியது, கம்பி போட்ட கான்கிரீட் கூரை. வீட்டிலேயே வயது குறைந்த பகுதி. அங்கே நிலைமை யாருக்கும் சொல்லாமலே தெரிகிறது. அடிப்பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து, துருவேறிய கம்பிகள் விலா எலும்பு மாதிரி வரிசையாகத் தெரிகின்றன. துருப்பிடித்த கம்பி பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டை வெளியே தள்ளிவிடும். கடலோர ஊர்களில் கான்கிரீட் வீட்டுக்கு வயது சீக்கிரம் ஏறுவது இதனால்தான். பழைய வீட்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் கட்டப்போவதும் கம்பி போட்ட கான்கிரீட்தான் என்பதை அன்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தவறில்லை.

கூடத்துக்குத் திரும்பியதும் தம்பி நேராகக் கேட்கிறார்: “சார், விழுமா விழாதா? எனக்கு ஒரு லெட்டர் போதும்.”

ஒரு வார்த்தையில் பதில் கேட்பதில் அவரைக் குறை சொல்ல முடியாது. எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு இந்த வீடு ஒரு கவலை. இரவு நேரத்தில் அடிக்கும் போன். அக்கா தனியாக இருக்கிறாள். அவர் ஆசை பணம் மட்டுமே என்று டீச்சரம்மாகூட நினைக்கவில்லை. ஆனால் ‘ஆபத்தான கட்டடம்’ என்று ஒரு தாள் கிடைத்தால் விற்பனை சுலபமாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். டீச்சரம்மாவும் ஒரு லெட்டருக்குத்தான் காத்திருந்தார். ‘ஒன்றும் இல்லை, இன்னும் ஐம்பது வருஷம் நிற்கும்’ என்ற லெட்டருக்கு.

என்ஜினீயர் இரண்டையும் எழுதித் தர மறுக்கிறார். முன்கட்டு இன்றைய தேதிக்கு நன்றாக இருக்கிறது, சந்துக் காரையும் தூம்பும் இந்த மாதமே சரி செய்ய வேண்டும். சமையலறைக் கூரையில் பெயர்ந்ததைத் தட்டி எடுத்து, துருவைச் சுரண்டி, கம்பியின் மிச்சம் எவ்வளவு என்று பார்க்காமல் மேல்பூச்சு பூசக் கூடாது. பின்கட்டு அறையில் இன்று இரவு முதல் யாரும் படுக்கக் கூடாது. தொட்டியை இன்றே காலி செய்ய வேண்டும். இரண்டு உத்திரங்களுக்கும் முட்டு கொடுக்க வேண்டும். கான்கிரீட்டைப் பெயர்த்து, உளுத்த முனைகளை வெட்டி மாற்றுவது தை பிறந்த பிறகு. சுண்ணாம்பு வேலைக்கு மழை ஆகாது, இறுக வாரக்கணக்கில் காய வேண்டும்.

“உங்களுக்கு லெட்டர் கிடையாது சார், ரிப்போர்ட் உண்டு. அதுல தேதி போட்டிருப்பேன். அந்தத் தேதியில நான் என்ன பார்த்தேனோ அதுதான் இருக்கும். மழை முடிஞ்சு இன்னொரு தடவை பார்க்கணும்.”

இந்த வேலைக்கு டீச்சரம்மா தன் பென்ஷனிலிருந்து கொடுத்தது ஐயாயிரம் ரூபாய். இதற்கு முன் இரண்டு பேர் இலவசமாகவே பார்க்க வந்தார்கள். இருவரும் கூரைக்குப் பூசும் ரசாயனம் விற்பவர்கள். இருவரும் சொன்ன மருந்து அவரவர் டப்பாவில் இருந்தது. இன்னும் ஒரு பூச்சு, அதற்கு மேல் ஒரு வலை, அதற்கு மேல் மறுபடி ஒரு பூச்சு. அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒழுகல் நிற்க வேண்டும் என்று கேட்டால் ஒழுகலை நிறுத்தும் சரக்கைக் காட்டுகிறார்கள். மரத்தைத் தட்டிப் பாருங்கள் என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பார்ப்பவரும் விற்பவரும் ஒரே ஆளாக இருந்தால் பார்வை எங்கே போய் முடியும் என்பது முதலிலேயே தெரிந்ததுதான்.

வெளிநாடுகள் பலவற்றில் பழைய வீடு வாங்குமுன் கூரையைத் தனியாகச் சோதித்து அறிக்கை வாங்குவது வழக்கம். நம் நாட்டில் அது பழக்கமாகவில்லை. மும்பையில் கொஞ்சம் கண்டிப்பு உண்டு. அங்கே மாநகராட்சிச் சட்டத்தின் 353பி பிரிவின்படி, 30 வயதைத் தாண்டிய கட்டடத்தைப் பதிவு பெற்ற என்ஜினீயரைக் கொண்டு சோதித்துச் சான்று கொடுக்க வேண்டும். கட்டடங்கள் அங்கேயும் விழத்தான் செய்கின்றன. ஆனாலும் பார்த்தீர்களா என்று கேட்கச் சட்டத்தில் ஓர் இடமாவது இருக்கிறது.

புதுச்சேரிக்கு வேறு பெருமை இருக்கிறது. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு 1980களிலிருந்தே இங்கே வேலை செய்கிறது. வைசியாள் வீதியில் திண்ணையும் தலைவாசலுமாக வீடுகளைப் பழைய அழகுக்குக் கொண்டுவந்ததற்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதே கிடைத்தது. அந்த வீதியைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு நல்ல காரியம் என்று தெரியும். ஆனால் ஊரில் பொதுவாகப் பழைய வீட்டுக்கு வரும் கவனமெல்லாம் தெருவைப் பார்க்கும் முகத்துக்கு. மஞ்சள் சுவரும் போகன்வில்லாவும் படத்தில் விழும். வானத்தைப் பார்க்கும் முகத்தை யாரும் படம் எடுப்பதில்லை. பழைய வீடுகளின் எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்ததற்கு விற்பனை ஆசை ஒரு காரணம் என்றால், மேலே பார்க்காமல் விட்டது இன்னொரு காரணம். விற்க வேண்டாம் என்று நினைத்தவர்கள்கூடக் கடைசியில், கூரை போய்விட்டது, வேறு வழி இல்லை என்றுதான் கையெழுத்துப் போட்டார்கள்.

கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. அப்புறம் தம்பி, “முட்டு வைக்கிற செலவை நான் அனுப்பறேன் அக்கா. மத்ததை நான் தை மாசம் வந்து பேசிக்கலாம்” என்கிறார். விற்பதா வேண்டாமா என்பது பற்றி அன்று ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனிடம் யார் சொல்வது என்பதும் முடிவாகவில்லை.

என்ஜினீயர் மூட்டை கட்டும்போது டீச்சரம்மா கேட்கிறார், “அவர் சிமென்ட் போட்டதாலதான் இப்படி ஆச்சா சார்?”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. மேஸ்திரிதான் சொல்கிறார்: “அந்த வருஷம் ஊர் பூரா அதைத்தாம்மா போட்டோம். நானே எத்தனையோ வீட்டுக்குப் போட்டிருக்கேன். சுண்ணாம்பு இடிக்க ஆளு ஏது?”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சவுக்குக் கம்பங்கள் வந்தன. அடியில் பலகை வைத்து, மேலே உத்திரத்துக்கு அண்டக் கட்டை கொடுத்து, ஆப்பு அடித்து இறுக்கினார்கள். அதிகம் இறுக்கக் கூடாது, தூக்கக் கூடாது, தாங்கினால் போதும் என்று மேஸ்திரி கீழே உட்கார்ந்து ஒவ்வோர் ஆப்பையும் கையால் அசைத்துப் பார்த்தார். தொட்டியைக் காலி செய்து இறக்கி முற்றத்தில் வைத்தாயிற்று. பேத்தியின் கட்டில் கூடத்துக்கு வந்தது, புரமோட்டரின் ஆள் பயமுறுத்திய அதே வெடிப்புக்குக் கீழே.

பின்கட்டுச் சுவரில் உத்திரத்துக்குக் கீழே ஒரு விரிசல் இருக்கிறது. அதன் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் சாந்து வைத்து ஒட்டினார் என்ஜினீயர். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், அதற்கு மேல் கருவி ஒன்றும் வேண்டாம். பக்கத்தில் தேதி எழுத வேண்டும் என்றார். டீச்சரம்மா அலமாரியிலிருந்து சாக்கட்டி எடுத்து வந்து தானே எழுதினார், கரும்பலகையில் எழுதுகிற அதே குண்டு எழுத்தில், நாள், மாதம், வருஷம்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தினமும் காலையில் காப்பித் தம்ளரோடு அந்த அறை வாசலில் நின்று அவர் கண்ணாடியைப் பார்க்கிறார். உள்ளே போவதில்லை. ராத்திரி பாரிஸிலிருந்து போன் வந்தால் தம்பி முதலில் கேட்பதும் அதைத்தான். ஐப்பசிக் கடைசிவரை கண்ணாடி உடையவில்லை.